கம்பத்தடிக் குடித்தனம்

லண்டனில் வீடு பார்க்கப் போகும் தமிழர்கள் முன்பெல்லாம் மூன்று விஷயம் விசாரிப்பார்கள். பக்கத்தில் நல்ல பள்ளிக்கூடம் உண்டா, தலைவாசல் எந்தத் திசை, கறிவேப்பிலை கிடைக்கும் கடை எவ்வளவு தூரம். இப்போது நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: வீட்டு முன்னால் கார் நிறுத்தச் சொந்த இடம், அதாவது டிரைவே, இருக்கிறதா? எங்கள் வீட்டில் முதல் மூன்றும் ஜோர். நாலாவதுதான் கிடையாது. விக்டோரியா மகாராணி காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். கட்டியவர் காரையே பார்த்திருக்க மாட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கதவைத் திறந்தால் நாலு குப்பைத் தொட்டி, அப்புறம் நடைபாதை, அப்புறம் தெரு. அந்தத் தெருவில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கேதான் கார் தூங்கும். இந்த லட்சணத்தில் மின்சாரக் கார் வாங்கினோம்.

வாங்க வைத்தது யூலெஸ். 2023 ஆகஸ்ட் 29இல் அந்தப் புகைக் கட்டணம் லண்டன் முழுவதற்கும் வந்துவிட்டது. எங்கள் பழைய டீசல் காரைப் பால் வாங்கத் தெருமுனை வரை ஓட்டினாலும் அன்றைக்கு 12.50 பவுண்டு. பால் பாக்கெட் விலை எங்கேயோ போய்விட்டது. போதாக்குறைக்கு, புதிய பெட்ரோல் கார் விற்பனை 2030இல் நின்றுவிடும் என்றார்கள். நடுவில் 2035 என்றார்கள். ஆட்சி மாறியதும் மறுபடி 2030. முகூர்த்தத்தை இத்தனை தடவை மாற்றியவர்களை நம்பித்தான் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம்.

மின்கார் உலகத்தில் இரண்டே ஜாதி: டிரைவே உள்ளவர், இல்லாதவர். உள்ளவர் வீட்டுச் சுவரில் சார்ஜரை மாட்டி, நள்ளிரவுச் சலுகைக் கட்டணத்தில் யூனிட் 7, 8 பென்ஸுக்கு ஏற்றிக்கொள்கிறார். 60 யூனிட் பேட்டரி ஐந்து பவுண்டுக்குள் நிரம்பிவிடும். இல்லாதவர் தெருவில் ஏற்ற வேண்டும். அங்கே யூனிட் 50 பென்ஸைத் தொடுகிறது, பல இடங்களில் தாண்டுகிறது. அதே பேட்டரிக்கு 30 பவுண்டு. இதில் வரி வேறு. வீட்டு மின்சாரத்துக்கு வாட் வரி 5 சதவீதம், தெரு சார்ஜருக்கு 20 சதவீதம். என் வீட்டுக்குள் இருக்கும்வரை அத்தியாவசியப் பொருளாக இருக்கும் மின்சாரம், நடைபாதையைத் தாண்டிய மாத்திரத்தில் ஆடம்பரப் பொருளாகிவிடுகிறது. நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டுக்கு டிரைவே கிடையாது. பெரும்பாலும் வசதி குறைந்தவர்கள்தான் அவர்கள். கூடுதல் விலை அவர்களுக்கு என்பதில் யாருக்கும் கூச்சம் இருப்பதாகத் தெரியவில்லை.

‘ஜன்னல் வழியாக ஒரு வயரை விட்டால் போகிறது’ என்றாள் மனைவி. போகாது. 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தில் 178ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அனுமதி இல்லாமல் பொதுவழிக்கு மேலே கம்பி, கயிறு, வயர் எதையும் கட்டக்கூடாது. சரி, தரையில் போட்டு மேலே ரப்பர் மூடி வைக்கலாமா? அது கவுன்சிலுக்குக் கவுன்சில் வித்தியாசப்படும். சில கவுன்சில்கள் நிபந்தனையோடு விடுகின்றன. சில, யாராவது தடுக்கி விழுவார்கள், கூடவே கூடாது என்கின்றன. ஆக்ஸ்போர்டில் நடைபாதையிலேயே ஒரு சின்னக் காடி வெட்டி, அதற்குள் வயரைப் பதித்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். எங்கள் கவுன்சில் ‘பரிசீலித்து வருகிறது’. பெயர் வேண்டாம், நாளைக்கும் அவர்கள்தான் குப்பை எடுக்க வர வேண்டும். ஆனால் காடி வெட்டினாலும் கதை முடியாது. நம் வீட்டு முன்னால் இருக்கும் இடம் நமக்கென்று எழுதிவைத்ததல்ல. காடி நம்முடையதாக இருக்கும், எதிரே நிற்கும் கார் யாருடையதாகவோ இருக்கும்.

ஆகவே விளக்குக் கம்பம். இந்த யோசனையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பழைய சோடியம் விளக்குகளைக் கழற்றி எல்.இ.டி. போட்டதும், கம்பத்துக்கு வரும் மின்சாரத்தில் கொஞ்சம் மிச்சமானது. அந்த மிச்சத்தில் ஒரு பிளக் வைத்தால் என்ன என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். குழி தோண்ட வேண்டாம், புதுப் பெட்டி நட வேண்டாம். 2020இல் வெஸ்ட்மின்ஸ்டரில் சதர்லாந்து அவென்யூ என்ற தெருவில் 24 கம்பங்களை இப்படி மாற்றி, ‘எலக்ட்ரிக் அவென்யூ’ என்று பெருமையாகப் பெயரும் சூட்டினார்கள். பிரிக்ஸ்டனில் நிஜமாகவே எலக்ட்ரிக் அவென்யூ என்றொரு தெரு உண்டு. 1880களில் மின்விளக்கு போட்ட முதல் கடைத்தெரு என்பதால் வந்த பெயர். அன்றைக்கு வெளிச்சம் பார்க்கக் கூட்டம் வந்திருக்கும். இன்றைக்குக் கம்பத்தில் வெளிச்சம் இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள், பிளக் காலியா என்றுதான் பார்க்கிறோம்.

எங்கள் தெருவிலும் கம்பங்களுக்குப் பிளக் வந்தது. எதிர்ச் சாரிக்கு மட்டும். காரணம் கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. எதிர்ச் சாரியில் கம்பங்கள் ரோட்டோரமாக நிற்கின்றன. எங்கள் சாரியில் யாரோ ஒரு புண்ணியவான் அவற்றைத் தோட்டச் சுவரை ஒட்டி நட்டுவிட்டுப் போயிருக்கிறார். அங்கே பிளக் வைத்தால் வயர் நடைபாதையைக் கடக்கும். திரும்பவும் அந்தத் தடுக்கி விழும் பிரச்சினை.

கம்பத்தில் சார்ஜ் போடுவது ஒரு தவம். இடுப்புக்குக் கீழே ஒரு சின்ன வட்ட மூடி. வயர் நாம் கொண்டுபோக வேண்டும். நேற்றைய மழையில் நனைந்து, டிக்கியில் கிடந்து ஊறிய வயர். எடுத்த உடனே பேண்ட்டில் கோடு போடும். பெரிய சார்ஜர்களில் வங்கி அட்டையைத் தட்டிப் பணம் கட்டும் வசதி இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆனால் 8 கிலோவாட்டுக்குக் கீழே உள்ளவற்றுக்கு அது கிடையாது. கம்பம் கொடுப்பது ஐந்து சொச்சம். அதனால் குத்தவைத்து உட்கார்ந்து, மூடிக்குப் பக்கத்தில் ஒட்டிய க்யூஆர் கோடைப் போனில் பிடிக்க வேண்டும். அதன் மேல் மழைத்துளி நிற்கும். சட்டையால் துடைத்தால் போன் திரை நனையும். நாயோடு நடக்கும் வெள்ளைக்காரப் பாட்டி ‘ஆர் யூ ஆல்ரைட், லவ்?’ என்று கேட்டுவிட்டுப் போவார். முழுசாக நிரம்பப் பதினோரு, பன்னிரண்டு மணி நேரம்.

அதுவும் கம்பத்தடியில் இடம் கிடைத்தால். எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணையின் டீசல் வேன் பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை. ஒருநாள் மெல்லப் பேச்செடுத்தேன்.

“தம்பி, உது கவுன்சில் ரோட்டு. ஆரும் விடலாம். பத்து வருசமா நான் உதிலதான் விடுறன்” என்றார். அடுத்த மூச்சிலேயே, “உங்களுக்குச் சார்ஜ் போடோணுமெண்டா ஒரு சத்தம் போடுங்கோ, வந்து எடுத்துவிடுறன்.”

சொன்னபடியே செய்வார். இரவு பத்து மணிக்குச் சாரத்தோடு இறங்கி வந்து வேனை நகர்த்துவார். கூடவே அவர் மனைவி கொடுத்ததாக ஒரு டப்பாவில் இடியப்பம் வரும். இப்படிப்பட்ட மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

சண்டை போட முடியாதவர்களுக்கென்றே கவுன்சில் இணையத்தில் ஒரு வரைபடம் திறந்து வைத்திருந்தது. எங்கே சார்ஜர் வேண்டுமோ அங்கே குடியிருப்போர் ஒரு குத்தூசியைக் குத்தி, காரணம் எழுதலாம். நான் குத்தினேன். மனைவி குத்தினாள். ஹாரோவில் இருக்கும் மைத்துனியும் குடும்ப பாசத்தில் ஒன்று குத்தினாள். எங்கள் வாசல் மட்டும் படத்தில் அம்மை போட்டிருந்தது. ‘உங்கள் ஆலோசனைக்கு நன்றி’ என்று தானியங்கிப் பதில் வந்தது. அப்புறம் நெடுநாள் பேச்சு மூச்சில்லை.

அந்த நாட்களில் எங்களைக் காப்பாற்றியது சொந்தபந்தம். மில்டன் கீன்ஸில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு டிரைவே உண்டு. சனிக்கிழமை காலையில் போய், சாதாரண மூன்று முனைப் பிளக்கில் சொருகுவோம். அது மணிக்கு 2 யூனிட் சொச்சம்தான் தரும். பேட்டரி பாதியாவது ஏற வேண்டுமென்றால் ராத்தங்க வேண்டும். ‘பிள்ளைகளுக்கு உங்கள் மேல் எவ்வளவு பாசம்’ என்று சித்தி நெகிழ்ந்துபோனார். சித்தப்பா மீட்டரைப் பார்க்கிற ரகம். அடுத்த முறை நாங்கள் போனபோது சுவரில் புத்தம்புது 7 கிலோவாட் சார்ஜர் மின்னியது, செயலியில் பூட்டோடு. சாவி சித்தப்பாவின் போனில். சித்தப்பா ஊரில் இல்லை.

கடைசியில் ஒரு நாள் எதிர்ச் சாரிக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறையிட்ட அறிவிப்பு ஒன்று தொங்கியது. அந்தக் கம்பத்தடி இனி மின்கார்கள் சார்ஜ் ஏற்ற மட்டும். மற்ற வண்டி நின்றால் அபராதம். ஆட்சேபம் இருந்தால் 21 நாளைக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது. பாலின் சூடு ஆறுவதற்குள் கதவு தட்டப்பட்டது. அண்ணை. கையில் இரண்டு பக்கக் கடிதம்.

“தம்பி, உதுக்கு ஒரு ஆட்சேபனை எழுதியிருக்கிறன். இங்கிலீசு சரியோ எண்டு ஒருக்காப் பாத்துத் தாங்கோ.”

வாசித்தேன். தெருவில் மின்கார்கள் மிகக் குறைவு என்றும், அதில் ஒன்று தமது நெருங்கிய நண்பருடையது என்றும், அந்த நண்பருக்கு எந்த நேரமும் தாமே வேனை நகர்த்திக் கொடுப்பதால் தனி இடம் தேவையே இல்லை என்றும் மூன்றாவது பத்தியில் இருந்தது. வாதம் பலமாகவே இருந்தது. உள்ளே சமையல் மேடையில் அவர்கள் வீட்டு இடியப்ப டப்பா காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு காற்புள்ளி போட்டேன், ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினேன்.

அண்ணைக்கு மின்னஞ்சல் கிடையாது. என் முகவரியிலிருந்தே அனுப்பினோம். அன்று மாலையே, என் பெயரைப் போட்டு, என் ஆட்சேபத்துக்கு நன்றி சொல்லிக் கவுன்சிலிலிருந்து பதில் வந்துவிட்டது.