டர்க்காய்ஸ்காரர்

பச்சை மையில் கையெழுத்துப் போட்டால் கெசட்டட் ஆபீசர். சிவப்பு மையில் சுழித்தால் வாத்தியார். நீலமும் கறுப்பும் மிச்சமிருக்கும் நம் எல்லோருக்கும். இந்தக் கட்சிகள் எதிலும் சேராமல், நீலமா பச்சையா என்று பார்ப்பவர் தயங்குகிற ஒரு நிறத்தில் மளிகைச் சாமான் பட்டியல் எழுதுகிறவர் ஒருவர் உங்கள் தெருவிலோ அலுவலகத்திலோ இருக்கக்கூடும். அவர்தான் டர்க்காய்ஸ்காரர்.

அவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். சட்டைப் பையில் மூன்று பவுண்டன் பேனா. பையின் அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பசுநீலக் கறை. விரல் நுனிகளில் எந்தச் சோப்புக்கும் மசியாத அதே நிறம். வெற்றிலை, சிகரெட், சீட்டாட்டம் ஒன்றும் கிடையாது. பெண் கொடுத்த காலத்தில் மாமனார் நாலு இடத்தில் விசாரித்திருக்கிறார். தங்கமான பையன் என்றுதான் எல்லோரும் சொன்னார்களாம். மை விஷயத்தை விசாரிக்க அவருக்குத் தோன்றவில்லை.

நம்மவருக்கு வாழ்க்கையில் தீராத கேள்வி ஒன்றே ஒன்றுதான். இருக்கிற டர்க்காய்ஸ் மைகளில் தனக்கு மிகவும் பிடித்தது எது? மகளுக்கு மாப்பிள்ளை ஒரே நாளில் முடிவானது. வீட்டுக் கடனை எந்த வங்கியில் வாங்குவது என்பது ஒரு காபி ஆறுவதற்குள் முடிவானது. மை மட்டும் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

பரிசீலனை எப்படி நடக்கிறது என்றால், ஒவ்வொரு மைக்கும் ஒரு குறை கண்டுபிடிக்கப்படும். ஜெர்மனியின் ஹானோவரில் 1838-ல் தொடங்கிய பெலிகன், 4001 வரிசையில் ஒரு டர்க்காய்ஸ் வைத்திருக்கிறது. "நிறம் சரி, ஓட்டம் போதாது." லாமியின் டர்க்காய்ஸ்? "ஓட்டம் சரி, ஆழம் போதாது." ஷெஃபர்? "ஆழமெல்லாம் சரிதான். ஆனா பீகாக் ப்ளூன்னு அழகா இருந்த பேரை எடுத்துட்டு வெறும் டர்க்காய்ஸ்னு வெச்சுட்டாங்க சார்." பெயருக்காக ஒரு மையைத் தள்ளிவைத்தவர் இவராகத்தான் இருப்பார். வாட்டர்மேன்காரர்கள் சவுத் சீ ப்ளூவை இன்ஸ்பயர்டு ப்ளூ ஆக்கியதையும் இவர் ஏற்கவில்லை. இன்றைக்கும் சவுத் சீ என்றே சொல்வார். அண்ணா சாலையை மவுண்ட் ரோடு என்கிற தலைமுறை.

1864-ல் பிறந்த லிவர்பூல் டயமைன் கம்பெனியோடு இவருக்குத் தனி வழக்கு. ஒரே கம்பெனி டர்க்காய்ஸ் என்று ஒன்று, ஹவாசு டர்க்காய்ஸ் என்று ஒன்று, அக்வா லகூன் என்று இன்னொன்று போட்டால் ஒரு மனிதன் எப்படித்தான் முடிவெடுப்பான் என்று கேட்பார். கேள்வி நியாயமானது. மூன்றையும் வாங்கிவிட்டுக் கேட்பதுதான் கொஞ்சம் இடிக்கிறது.

ஜப்பானின் பைலட் கம்பெனி 2007-ல் இரோஷிசுகு வரிசையைக் கொண்டுவந்தது. அடி தடித்த கண்ணாடிப் புட்டியில் ஐம்பது மில்லி மை. புட்டியைப் பார்த்தால் உள்ளே அத்தர் இருக்கும் என்றே தோன்றும். அதில் 'கூஜாகு' என்ற மைக்கு மயிலின் பெயர். அதை முதன்முதலில் தொட்டு எழுதிய அன்று நம்மவர் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"அப்போ முடிவாயிடுச்சா சார்?" என்று கேட்டேன்.

"பச்சை ஒரு இழை தூக்கல்" என்றார்.

அடுத்து அதே வரிசையில் 'கொன்பெக்கி' வந்தது. அதில் நீலம் ஒரு இழை தூக்கல். அப்படியென்றால் இவர் தேடுவது இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. கலந்து பார்க்கச் சிரிஞ்சு வேண்டும். மருந்துக்கடையில் அரை டஜன் சிரிஞ்சு கேட்டபோது கடைப்பையன் அக்கறையோடு, "வீட்டுல யாருக்கு சார் சுகர்?" என்றான். "யாருக்கும் இல்லப்பா, பேனாவுக்கு" என்றார் இவர். அன்றிலிருந்து அந்தக் கடையில் இவருக்குத் தலைவலி மாத்திரைகூட இரண்டு கேள்வி கேட்காமல் கொடுப்பதில்லை.

நிறத்தைச் சோதிப்பது ஒரு தனிச் சடங்கு. ஒரே மை ஃபைன் நிப்பில் வெளுத்துத் தெரியும், பிராடு நிப்பில் அடர்ந்து நிற்கும். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்த பிறகு ஒரு நிறம். டியூப் லைட் வெளிச்சத்தில் நீலமாக இருப்பது வெயிலில் பச்சைக்குச் சாயும். எனவே காலையில் பால்கனி, மத்தியானம் ஹால், ராத்திரி சமையலறை என்று தாளும் கையுமாக வீட்டைச் சுற்றி வருவார். தாள் என்றால் நாம் எழுதும் தாள் இல்லை. தோமோயே ரிவர் என்று ஜப்பான் தாள். சதுர மீட்டருக்கு 52 கிராம்தான் எடை. வெங்காயச் சருகு மாதிரி இருக்கும், ஆனால் மை பரவாது, பின்பக்கம் ஊறாது. மை காய்ந்ததும் அதன் மேல் செம்பு நிறத்தில் ஒரு மினுமினுப்பு எழும். இந்த மினுமினுப்புக்கு இவர்கள் வட்டாரத்தில் 'ஷீன்' என்று பெயர். ஆஸ்திரேலியாவின் ராபர்ட் ஆஸ்டர் செய்யும் 'ஃபயர் அண்ட் ஐஸ்' என்ற மையில் அந்த ஷீனைப் பார்த்த பிறகு ஒரு வாரம் இவர் தாளை நேராகப் பார்த்ததே இல்லை. சாய்த்துச் சாய்த்துத்தான் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது என்பது சாய்த்தால் தெரியாது. அது அவருக்குத் தேவையும் இல்லை.

இத்தனைக்கும் கரூர் பக்கம் காகிதபுரத்தில் தமிழ்நாடு காகித நிறுவனம் கரும்புச் சக்கையில் செய்கிற சாதாரணத் தாளிலேயே பவுண்டன் பேனா மை அடக்கமாக நிற்கிறது. சொல்லிப் பார்த்தேன். "நிக்குது சார். ஷீன் வரலையே" என்றார்.

நம்மவரின் மனைவியான மாமி இதையெல்லாம் நெடுங்காலம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் இருக்கிறது. தி.நகரில் பட்டுப்புடவை எடுக்கப் போகும்போதெல்லாம் மாமி புடவையைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்குப் போய் வெயிலில் பார்ப்பார். "எல்லாம் ஒரே நீலம்தான்டி, பில் போடச் சொல்லு" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தவர் நம்மவர். அந்த நீலத்துக்கு மாமி காத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் ஏழு சீட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு நம்மவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். எல்லாம் டர்க்காய்ஸ். எது எது என்று பின்பக்கம் எழுத மறந்துவிட்டது. துணி உலர்த்த வந்த மாமி ஒரு நிமிஷம் நின்றார்.

"இது ஆனந்தா ப்ளூ. இது ராமர் பச்சை. இது ரெண்டும் ஒரே கலர்தான், ஒண்ணுல தண்ணி ஜாஸ்தி. இது என்னவோ சாயம் போன ஸ்கூல் யூனிஃபார்ம்."

"மயில்கழுத்து எது?"

"மயில்கழுத்துன்னா பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர். ரெண்டும் சேர்ந்துதான் அப்படி மின்னும். உங்க மையில பாவு எது, ஊடை எது?"

நம்மவரிடம் பதில் இல்லை. மாமி பிரித்து வைத்த வரிசையைப் புட்டிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. 'தண்ணி ஜாஸ்தி' என்று சொன்ன சீட்டு, பேனாவைக் கழுவி ஈரம் காயாமல் மை நிரப்பியதாம். அதன்பின் எந்த மை வந்தாலும் முதல் சீட்டு சமையலறைக்குத்தான் போகிறது. புடவைக் கடை வாசலில் இப்போது நம்மவரும் சேர்ந்து நிற்கிறார். மாமியைவிட இவருக்குத்தான் நேரம் பிடிக்கிறது என்று கேள்வி.

இவரிடம் மாட்டிக்கொண்டவர்கள் ஒரு தல புராணமும் கேட்டுத்தான் எழுந்திருக்க முடியும். 1928-ல் ஸ்காட்லாந்தில் கிரேஞ்ச்மவுத் என்ற ஊர்ச் சாயத் தொழிற்சாலையில் தாலிமைடு என்ற வெள்ளைப் பொருளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கலத்தின் உட்பூச்சில் விரிசல் விட்டு, உள்ளேயிருந்த இரும்பு பொருளோடு சேர்ந்துவிட்டது. வெள்ளையில் நீலப்பச்சையாக அழுக்குப் படிந்தது. வேறு யாராவது என்றால் கலத்தைக் கழுவச் சொல்லியிருப்பார்கள். அங்கே இருந்தவர்கள் அழுக்கை ஆராயத் தொடங்கினார்கள். அதுதான் தாலோசயனின். இரும்புக்குப் பதில் செம்பு சேர்த்தால் நிறம் இன்னும் தூக்கலாக வந்தது. 1935 வாக்கில் மோனஸ்ட்ரல் ப்ளூ என்று விற்பனைக்கும் போனது. அந்தச் செம்புச் சாயத்தின் தண்ணீரில் கரையும் உறவினர்கள்தான் இன்றைக்குப் பல டர்க்காய்ஸ் மைகளில் இருக்கிறார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போது விரிசல் விடும் கட்டத்தில் நம்மவர் குரல் தழுதழுக்கும். "அந்த ஓட்டைப் பாத்திரம் இல்லேன்னா என்ன ஆகியிருக்கும், நினைச்சுப் பாருங்க!" என்பார். நினைத்துப் பார்த்தேன். மாமிக்கு அலமாரியில் இரண்டு தட்டு காலியாக இருந்திருக்கும்.

எல்லா டர்க்காய்ஸும் அந்தக் குலம் இல்லை. ஆசிட் ப்ளூ 9 என்று ஒரு சாயம் உண்டு. அதுவே பிரில்லியன்ட் ப்ளூ என்ற பெயரில் மிட்டாய்க்கும் ஐஸ்கிரீமுக்கும் போகிறது. இது தெரிந்த நாளிலிருந்து பேரன் பாடு திண்டாட்டம். பையன் நீல மிட்டாய் தின்றுவிட்டு வந்தால் தாத்தா மூக்குக்கண்ணாடியோடு வந்து, "நாக்கை நீட்டு கண்ணா, வெளிச்சத்துக்கு வா" என்கிறார். போன மாதம் நாக்குக்குப் பக்கத்தில் ஒரு சீட்டையும் பிடித்துப் பார்த்ததாகத் தகவல்.

தேர்தல் நாளில் இன்னொரு கூத்து. வாக்குச்சாவடியில் இடது கை ஆள்காட்டி விரலை நீட்டச் சொன்னார்கள். விரலில் ஏற்கெனவே மை! புட்டியைப் பிடிக்கிற கை அதுதான். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார், ஏஜெண்டுகள் எழுந்து நின்றார்கள். சாதாரண மனிதன் பயந்திருப்பான். நம்மவர் விளக்கம் சொன்னார். "சார், நீங்க வைக்கிறது 1962 தேர்தல்லேருந்து மைசூர்ல தயாராகுறது. சில்வர் நைட்ரேட். வெளிச்சம் பட்டா கறுக்கும். இது செம்பு. காலைலேருந்து வெயில்ல நிக்கிறேன், கறுத்துச்சா பாருங்க." பின்னால் வரிசையில் நின்றவர்கள் கொடுத்த சத்தத்தில்தான் அவருக்கு வாக்குரிமை கிடைத்தது.

சட்டைக் கறைக்கு வருகிறேன். திருவள்ளூரில் எபோனைட் கட்டையைக் கடைந்து கையாலேயே பேனா செய்கிறார்கள். நம்மவருக்கு அதில்தான் மோகம். ஃபில்லரால் மை ஊற்றும் பெரிய பேனாக்கள் எல்லாவற்றுக்கும் ஒரு குணம் உண்டு. மை பாதிக்குக் கீழே போனால் உள்ளே காற்று நிறையும். கைச்சூட்டிலும் நெஞ்சுச் சூட்டிலும் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ளும். நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கு தாங்குகிற வரை தாங்கிவிட்டு ஒரு சொட்டு உமிழும். மருந்து என்னவோ சுலபம்தான்: குறையும்போதே நிரப்பிவிட வேண்டும். இவர் எப்படி நிரப்புவார்? புட்டி தீர்வதற்குள் அடுத்த மை வந்துவிடுகிறது. பழசை ஊற்றிவிட மனசு வராது, புதுசை ஊற்றாமல் இருக்கவும் முடியாது. முக்கால்வாசி காலி பேனாக்களோடுதான் அவர் நடமாட்டம்.

இவ்வளவு மையையும் வைத்துக்கொண்டு என்னதான் எழுதுகிறார் என்று கேட்கலாம். ஒருநாள் அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் மையின் பெயர், பேனாவின் பெயர், நிப்பின் அளவு, தேதி. அடுத்த பக்கத்தில் இன்னொரு மையின் பெயர், பேனாவின் பெயர், நிப்பின் அளவு, தேதி. கடைசிப் பக்கம் வரைக்கும் அப்படியே. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. இத்தனை அழகான எழுத்தில் இத்தனை குறைவாகச் சொன்ன ஆசிரியர் தமிழில் வேறு யாரும் இல்லை. மற்றபடி வெளியுலகத்துக்குப் போகிற அவருடைய ஒரே படைப்பு மளிகைப் பட்டியல். கடை அண்ணாச்சியும் ரசிகர்தான். "கலரு நல்லாத்தான் இருக்கு சார். துவரம்பருப்பு ஒரு கிலோவா ரெண்டு கிலோவான்னுதான் லைட் வெளிச்சத்துல தெரிய மாட்டேங்குது" என்கிறார்.

அவர் முடிவுக்கு வருவார் என்று நான் நம்பவில்லை. முடிவெடுத்துவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் என்ன செய்வார்? என்னைக் கேட்டால் பெங்களூரில் தயாராகும் பிரில் டர்க்காய்ஸ் ப்ளூ போதும். விலை மலிவு, பேனாவை அடைக்காது, நாலு பேர் திரும்பிப் பார்க்கும் நிறம். இதை அவரிடம் சொன்னால், "ஆரம்பத்துக்கு நல்ல மை சார்" என்று நம்மை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இரண்டு சீட்டுகளை உங்கள் முன் நீட்டி, "எது நல்லா இருக்கு?" என்று யாராவது கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதானே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், சொன்னால் ஸ்காட்லாந்து வரை போக வேண்டியிருக்கும். வலது பக்கத்துச் சீட்டைக் காட்டுங்கள். ஏன் என்று கேட்டால், "ஷேடிங்" என்று சொல்லிவிட்டுப் பஸ் வந்துவிட்டது போல நடையைக் கட்டுங்கள்.