யூரோவிஷன் ரசிகராவது எப்படி? ஓர் ஓராண்டுப் பயிற்சி

மே மாதத்தில் ஒரு குறிப்பிட்ட சனிக்கிழமை இரவு ஐரோப்பாவில் யாரும் கல்யாண விருந்து வைக்கக் கூடாது. வைத்தால், வந்தவர்களில் பாதிப் பேர் மேஜைக்கடியில் கைபேசியை ஒளித்துவைத்து, அல்பேனியாவுக்கு எத்தனை புள்ளி என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இறுதிச்சுற்று அன்றைக்குத்தான். 2025-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடந்த போட்டியை 16 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சும்மா பார்ப்பவர்கள், பார்த்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரை பயன்படாது. முழுநேர ரசிகராக வேண்டும் என்று துடிப்பவர்களுக்காக எழுதப்படுகிறது. குரல்வளம், சுருதி ஞானம், தாளக்கட்டு எதுவும் தேவையில்லை. இருந்தால் கொஞ்சம் இடைஞ்சல்தான்.

முதல் வேலை, ஒரு நாட்டைத் தத்தெடுப்பது. சொந்த நாட்டுக்கு ஓட்டுப் போட முடியாது என்பது விதி. ஆகவே எல்லோருக்குமே இன்னொரு நாடு தேவைப்படும். ஜெயிக்கிற நாட்டைப் பிடித்துக்கொள்வது கற்றுக்குட்டிகளின் வழக்கம். ஸ்வீடனும் அயர்லாந்தும் தலா ஏழு முறை ஜெயித்தவை. அவர்களுக்குக் கைதட்டுவதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? தோற்கிற நாடாகப் பாருங்கள். போர்ச்சுகல் 1964-இல் போட்டிக்குள் வந்தது. முதல் வெற்றி 2017-இல். சல்வதோர் சோப்ரால் என்ற இளைஞர், ஆட்டமோ வாணவேடிக்கையோ இல்லாமல், தன் அக்கா எழுதிய பாட்டைத் தனியாக நின்று பாடி 758 புள்ளி வாங்கினார். அதற்கு முந்தைய 53 ஆண்டுகளும் “இந்தத் தடவை நமக்குத்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தாரே ஒரு போர்ச்சுகல் ரசிகர், அவரே நமக்கு ஆசான்.

இன்னும் மேல்நிலைப் பயிற்சி வேண்டுமென்றால் நார்வே. 1978-இல் பாரிஸில் யான் டெய்கன் என்பவர் பாடி, ஒரு புள்ளிகூட வாங்காமல் ஊர் திரும்பினார். ஊரில் அந்தப் பாட்டு சக்கைப்போடு போட்டது. 1982-இலும் 1983-இலும் அவரையே மறுபடி அனுப்பிவைத்தார்கள். பூஜ்யம் வாங்கியவரைத் தோளில் தூக்கத் தெரிந்துவிட்டால் உங்களுக்குப் பாதிப் பயிற்சி முடிந்தது.

அடுத்து, வரலாறு. நான்கு பேர் கூடும் இடத்தில் யாராவது ஆபா என்று வாயெடுத்தால் நீங்கள் ஒரு சின்னப் பெருமூச்சு விட வேண்டும். 1974-இல் பிரைட்டன் நகரில் ஸ்வீடனின் ஆபா குழு ஜெயித்தது ஊரறிந்த செய்தி. விருந்து கொடுத்த பிரிட்டனின் நடுவர்கள் அன்று ஆபாவுக்குக் கொடுத்தது பூஜ்யம் என்பது ரசிகர் அறிந்த செய்தி. அதே மேடையில் போர்ச்சுகல் மூன்றே புள்ளி வாங்கிக் கடைசி இடத்தை வேறு மூன்று நாடுகளோடு பங்கிட்டுக்கொண்டது. பதினெட்டு நாள் கழித்து லிஸ்பன் வானொலியில் அதே பாட்டு ஒலித்தது. சர்வாதிகார அரசைக் கவிழ்க்கக் காத்திருந்த ராணுவ அதிகாரிகளுக்கு அதுதான் முதல் சமிக்ஞை. கடைசி இடம் வாங்கிய பாட்டு ஓர் அரசாங்கத்தையே மாற்றியது என்று சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் வாயடைத்து நிற்கும்போது நீங்கள் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொள்ளலாம்.

ஆதிகாலப் புகார்களும் கைவசம் இருக்கட்டும். முதல் போட்டி 1956-இல் சுவிட்சர்லாந்தின் லுகானோவில் நடந்தது. ஏழு நாடுகள், தலா இரண்டு பாட்டு. ஜெயித்தது சுவிட்சர்லாந்து. யார் யாருக்கு எத்தனை ஓட்டு என்பதை அன்றும் சொல்லவில்லை, இன்றுவரையும் சொல்லவில்லை. 1969-இல் ஸ்பெயின், பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ் ஆகிய நான்கும் சமமாக வந்தன. சமன் வந்தால் என்ன செய்வது என்று விதியே இல்லை; நான்கு பேரையும் ஜெயித்தவர்களாக அறிவித்துவிட்டார்கள். கோபித்துக்கொண்டு மறு ஆண்டு சில நாடுகள் வரவில்லை. பன்னிரண்டு நாடுகளை வைத்து நேரத்தை எப்படி ஓட்டுவது? பாட்டுக்குப் பாட்டு நடுவே பாடகரைப் பற்றி ஒரு குட்டிப் படம் போட்டார்கள். இன்று நாடுகள் முப்பதைத் தாண்டிய பிறகும் அந்தக் குட்டிப் படம் இருக்கிறது. அது ஓடி முடிவதற்குள் சமையலறை வரை போய்வரும் வேகத்தை இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

போட்டி மே மாதத்தில் என்றாலும் ரசிகருக்கு வருடம் முழுக்க வேலை. டிசம்பரில் டிரானா நகரில் அல்பேனியா தன் பாட்டைத் தேர்ந்தெடுக்கும். பிப்ரவரியில் இத்தாலியின் சான்ரெமோ விழா, ஐந்து இரவு, ஒவ்வொன்றும் நள்ளிரவைத் தாண்டும். ஸ்வீடனில் மெலோடிஃபெஸ்டிவாலென், ஆறு சனிக்கிழமை. ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் ஏப்ரலில் முன்னோட்டக் கச்சேரிகள். இவ்வளவையும் பார்த்துவிட்டுப் பந்தயக்காரர்களின் கணிப்பையும் தினம் இரு வேளை பார்க்க வேண்டும். நம்பத்தான் கூடாது. 2025-இல் ஸ்வீடனுக்காகப் பாட வந்த மூவர் பின்லாந்துக்காரர்கள்; பாடிய விஷயம் நீராவிக் குளியல். பந்தயக் கணிப்பில் அவர்கள்தான் முதலிடம். முடிவில் வந்தது நான்காம் இடம். ஜெயித்தது ஆஸ்திரியாவின் ஜேஜே.

பாட்டை எடைபோடுவது எப்படி என்று சிலர் கேட்கிறார்கள். இது சுலபம். பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மேடையில் ஆறு பேருக்கு மேல் கூடாது. முன்னணிக் குரல் நேரலையில் வர வேண்டும். வாத்தியங்கள் எல்லாம் ஒலிப்பதிவுதான். வெறிகொண்டு கிட்டார் வாசிப்பவரைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர் புல்லரித்தால், “அது வேலை செய்யவில்லை” என்று மெதுவாகச் சொல்லுங்கள். நண்பர் ஒருவர் குறைவார். ரசிகர் என்ற அந்தஸ்து கூடும். உயிருள்ள மிருகங்களுக்கும் மேடையில் தடை. மற்றபடி எதற்கும் தடை இல்லை என்றே தோன்றுகிறது. 2014-இல் உக்ரைன் பாடகிக்குப் பின்னால் ஒருவர் ராட்சதச் சக்கரத்துக்குள் ஓடிக்கொண்டே இருந்தார். 2012-இல் ரஷ்யாவின் புரானவோ கிராமத்துப் பாட்டிகள் மேடையிலேயே அடுப்பு வைத்துப் பலகாரம் சுட்டு இரண்டாம் இடம் வாங்கினார்கள். 2006-இல் பின்லாந்தின் லோர்டி குழு பூத வேஷம் கட்டி வந்து முதலிடத்தையே அள்ளியது. பின்லாந்துக்கு அதுதான் முதல் வெற்றி.

பொருள் புரியவில்லையே என்று கலங்க வேண்டாம். ‘லா லா லா’, ‘பூம் பேங் எ பேங்’, ‘டிங் எ டாங்’, ‘டிகி லூ டிகி லே’ எல்லாம் வெற்றி பெற்ற பாட்டுகளின் தலைப்புகள். 2003-இல் பெல்ஜியம், உலகில் எங்குமே பேசப்படாத, தானே கற்பித்துக்கொண்ட மொழியில் பாடியது. இரண்டே புள்ளியில் வெற்றி போயிற்று. 2016-இல் ஸ்டாக்ஹோமில் தொகுப்பாளர்கள் இருவரும், ஜெயிக்கிற பாட்டுக்கு என்னென்ன சேர்க்க வேண்டும் என்று இடைவேளையில் ஒரு பாட்டே பாடிக் காட்டினார்கள். போட்டியைப் போட்டி நடத்துபவர்களே இவ்வளவு நன்றாகக் கிண்டல் செய்த பிறகு என்னைப் போன்றவர்களுக்கு மிச்சம் வைத்தது கொஞ்சம்தான்.

இறுதிச்சுற்று இரவுக்கு வருவோம். பாடுகிற நாடுகளின் பெயரை வரிசையாக எழுதிய தாள் ஆளுக்கு ஒன்று, பேனா ஆளுக்கு இரண்டு. குரலுக்கு இத்தனை, உடைக்கு இத்தனை, காற்றாடியின் வேகத்துக்கு இத்தனை என்று கட்டம் போட்டு மார்க் போடுவது வீட்டுக்கு வீடு நடக்கும். பிரிட்டனில் என்றால் ஒன்பதாவது பாட்டுக்குக் கோப்பையை உயர்த்த வேண்டும். பி.பி.சி.யில் பல்லாண்டு வர்ணனை செய்த டெர்ரி வோகன், ஒன்பதாவது பாட்டு வரை குடிக்காமல் பொறுத்திருங்கள் என்று தன் இடத்துக்கு வந்த கிரஹாம் நார்ட்டனுக்குச் சொல்லியிருந்தாராம். வோகன் 2016-இல் காலமான பிறகு, அந்தப் பாட்டு வரும்போது நார்ட்டன் அவரை நினைவூட்டுகிறார். அது எந்த நாட்டுப் பாட்டாக இருந்தாலும் சரி. இரண்டாவது பாட்டு எந்த நாட்டுக்கு விழுந்திருக்கிறது என்றும் பார்த்துவையுங்கள். 2025 வரை இரண்டாவதாகப் பாடியவர் யாரும் ஜெயித்ததில்லை. அந்த நாட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் துக்கம் விசாரித்துவிடலாம்.

சென்னையிலோ கொழும்பிலோ இருந்துகொண்டு ரசிகராக முடியுமா? முடியும். ஆரம்பம் நம் நேரப்படி ஞாயிறு அதிகாலை 12.30, முடியும்போது பால்காரர் வந்துவிடுவார். 2023 முதல் போட்டியில் இல்லாத நாட்டுக்காரர்களும் காசு கட்டி இணையத்தில் ஓட்டுப் போடலாம். ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா எல்லாவற்றின் ஓட்டையும் கூட்டி ஒரே நாடாகக் கணக்கு வைக்கிறார்கள். அதாவது இந்தியாவும் சீனாவும் பிரேசிலும் இன்னும் மீதி உலகமும் சேர்ந்து, சுமார் 34,000 பேர் வசிக்கும் சான் மரினோவுக்குச் சமம். இதைக் கேட்டதும் கோபம் வந்தால், நல்லது, நீங்கள் தேறிவிட்டீர்கள்.

ஏனென்றால் ரசிகரின் உண்மையான தொழில் கேட்பது அல்ல, புகார் சொல்வது. பாட்டு எல்லாம் முடிந்து புள்ளி சொல்லத் தொடங்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மிச்சம் எல்லாமே. ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த பத்துப் பாட்டுக்கு 12, 10, பிறகு 8 முதல் 1 வரை கொடுக்கும். 1975-இல் வந்த ஏற்பாடு. நடுவர் குழுவின் புள்ளி தனி, மக்கள் ஓட்டு தனி. கிரீஸும் சைப்ரஸும் ஒன்றுக்கொன்று 12 எழுதுவது சம்பந்தி வீட்டு மொய் மாதிரி. என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் அறிவித்ததும் அரங்கமே ஊளையிடும். நீங்களும் ஊளையிட வேண்டும். அறிவிப்பதற்கு அரை விநாடி முன்பே தொடங்கினால் அனுபவசாலி என்று புரிந்துகொள்வார்கள்.

பயிற்சிக்கு உகந்த பாடம் 2023, லிவர்பூல். பின்லாந்தின் காரியா, தோளும் கையும் மட்டும் உப்பிய பளீர்ப் பச்சைச் சட்டையில் வந்து ‘சா சா சா’ என்று ஆடினார். சட்டை என்றுகூடச் சொல்ல முடியாது, மார்பும் வயிறும் வெளியேதான். அரங்கம் அவர் பக்கம். நடுவர்களோ ஸ்வீடனின் லொரீனுக்கு 340 புள்ளியை அள்ளிக் கொடுத்தார்கள்; காரியாவுக்கு 150. பிறகு மக்கள் ஓட்டு. பின்லாந்துக்கு 376 என்று அறிவித்ததும் கூரை பிய்த்துக்கொண்டது. மொத்தம் 526. நடுவர் பட்டியலின் கடைசி நாட்டிலிருந்து மேலே சொல்லிக்கொண்டு வருவதால் ஸ்வீடனின் கணக்கு எல்லாவற்றுக்கும் கடைசி. லொரீனுக்கு வேண்டியது 187. கூட்டம் ‘சா சா சா’ என்று கத்திக்கொண்டிருக்கும்போதே எண் வந்தது: 243. மொத்தம் 583. முடிந்தது கதை. அன்றைய புகாரை ரசிகர்கள் இன்றும் ஆறவிடவில்லை. மக்கள் தீர்ப்பு மேலா, நிபுணர் தீர்ப்பு மேலா என்பதை அறிஞர்கள் புத்தகம் போட்டு விவாதிக்கலாம். ஒரு பின்லாந்து ரசிகர் அதை இரண்டு நிமிடத்தில், கண்ணீரோடு, பச்சைச் சட்டையில் விளக்கிவிடுவார். என்னைக் கேட்டால் லொரீன் பாடியதுதான் நல்ல பாட்டு. இதை ஹெல்சிங்கியில் சொல்ல மாட்டேன்.

ஒரு பாடம் மட்டும் கடினம். இது அரசியல் கலவாத போட்டி என்று நடத்துபவர்கள் சொல்வார்கள். ரசிகரும் சிரிக்காமல் அதைத் திருப்பிச் சொல்லப் பழக வேண்டும் என்று எழுதத்தான் நினைத்தேன். 2022-இல் உக்ரைன் மீது படையெடுத்த ரஷ்யாவை விலக்கினார்கள்; அந்த ஆண்டு உக்ரைனுக்கு மக்கள் 439 புள்ளி கொடுத்தார்கள். இஸ்ரேல் தொடர்வதை எதிர்த்து, 2026 போட்டிக்கு வரமாட்டோம் என்று ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா, ஐஸ்லாந்து ஆகிய ஐந்தும் விலகின. 2024-இல் ஜெயித்த சுவிஸ் கலைஞர் நெமோ தன் கோப்பையையே திருப்பிக் கொடுத்தார். ஏழு முறை ஜெயித்த அயர்லாந்தின் ரசிகர், கொடியை எடுப்பதா உள்ளே வைப்பதா என்று திண்டாடியதில் கிண்டலுக்கு இடமில்லை. இங்கே எந்த வழிகாட்டியும் உதவாது.

ஞாயிறு காலை எழுந்ததும் ஒரு வெறுமை வரும். ரசிகர்களிடையே அதற்குப் பெயரே உண்டு, மருந்துதான் இல்லை. திங்களன்று அலுவலகத்தில் யாரும் கேட்காதபோதே தேர்ந்தெடுத்த நாட்டுக்கு இழைக்கப்பட்ட அநீதியை விளக்குங்கள். பழைய போட்டிகளை வருடவாரியாகத் திரும்பப் பார்க்கலாம். 1956-ஐத் தேடி அலைய வேண்டாம், அதன் முழுப் படப்பதிவு கிடைப்பதில்லை.

அதிக நாள் துக்கம் காக்க நேரமில்லை. அடுத்த ஆண்டுப் பாட்டு செப்டம்பர் 1-க்கு முன் வெளியாகியிருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே புது ஆண்டுக் கணக்கு அன்றே தொடங்குகிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதம் உங்களுடையது. தூங்கி எழுங்கள், கடனை அடையுங்கள், வீட்டில் இருப்பவர்களிடம் நாலு வார்த்தை பேசிவையுங்கள்.