முட்டைத் திருடன் யார் சார்?

ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்போர்ன் பெரிய மனிதர். நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று மியூசியத்துக்கே தலைவர். ஆதிமனிதன் ஆசியாவில்தான் தோன்றினான் என்று அடித்துச் சொன்னார். ஆதாரம்? அதைத் தேடத்தான் ஆள் வைத்திருந்தாரே!

அந்த ஆள் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ். அதே மியூசியத்தில் தரை துடைத்து முன்னுக்கு வந்தவர். 1922-ல் டாட்ஜ் கார்கள், பெட்ரோல் சுமக்க ஒட்டகங்கள் என்று பந்தாவாக கோபி பாலைவனத்தில் இறங்கினார். இறங்கி, வழி தெரியாமல் முழித்தார்.

அவர் வழி கேட்கப் போன கேப்பில், போட்டோகிராபர் ஷேக்கல்ஃபோர்ட் காலாற நடந்தார். எதிரே செக்கச்செவேல் என்று மணற்பாறைச் சரிவு. அதில் ஒரு மண்டையோடு. ஆதிமனிதனா? கிளிமூக்கு வைத்த டைனோசர்!

அந்தச் சரிவுதான் ஜடோக்தா என்ற பாறைப் படிவம். வயது ஏழு கோடி வருஷத்துக்கு மேல். அன்றும் அங்கே மணல்தான். மேடு சரிந்தால் போதும், கீழே நின்ற பிராணி அப்படியே பேக்கிங்.

1923-ல் அங்கேயே முட்டைகள் கிடைத்தன. மேலேயே இன்னொரு டைனோசரின் எலும்புக்கூடு. ஆஸ்போர்ன் விசாரிக்காமல் எஃப்.ஐ.ஆர். போட்டார்: முட்டை கிளிமூக்காருடையது, இவன் திருட வந்தவன். 1924-ல் வைத்த பெயரே 'ஓவிராப்டர்', முட்டைத் திருடன். பெயர் தப்பாகவும் இருக்கலாம் என்று அதே கட்டுரையில் ஒரு வரி முன்ஜாமீனும் வாங்கினார். திருடனுக்கு இல்லை, தனக்கு!

இதற்கிடையே, பயணச் செலவுக்குப் பணம் திரட்ட ஆண்ட்ரூஸ் ஒரு முட்டையை ஏலம் விட்டார். 5,000 டாலர்! சீனாவிலும் மங்கோலியாவிலும் மனக்கணக்கு ஓடியது: ஒன்றே இவ்வளவு என்றால் மிச்சம் எவ்வளவு? 'எல்லாம் விஞ்ஞானத்துக்காக' என்ற அவர் பேச்சு அப்புறம் அங்கே போணியாகவில்லை.

1993-ல் அதே மியூசியத்தின் ஆட்கள், மங்கோலிய விஞ்ஞானிகளுடன், அதே கோபியில் அதே ரக முட்டை ஒன்றைக் கண்டெடுத்தார்கள். உள்ளே குஞ்சின் எலும்பு. யார் வீட்டுப் பிள்ளை? ஓவிராப்டரின் சொந்தக்காரப் பிள்ளை! கைகளை விரித்து முட்டைகளை மூடியபடியே செத்த அதே சொந்தக்காரர்களின் எலும்புக்கூடுகளும் கிடைத்தன. தாயோ தகப்பனோ, அடைகாத்துக்கொண்டிருந்திருக்கிறது பாவம்.

சரி, பெயரையாவது மாற்றலாமே? முடியாது. முதலில் வைத்த பெயர்தான் நிற்கும் என்பது விலங்கியல் சட்டம். இப்படி ஒரு சட்டம் இருந்தால் அப்பீலுக்கு எங்கே போவது?

ஆதிமனிதன்? 1930 வரை தேடியும் கோபியில் அகப்படவேயில்லை.

ஆக, முட்டையை எடுத்து ஏலம் விட்டவர் சாகச வீரர், முட்டையை விட்டு நகராமல் செத்தது திருடன். தீர்ப்பை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.