மைனஸ் நாற்பதில் வடபழனி

வடபழனி முருகன் கோயில் பக்கம் பூஜைக்கு வரும் புது வண்டிகளில், 300 குதிரைசக்தி காருக்கும் மொபெட்டுக்கும் சக்கரத்தடியில் அதே எலுமிச்சம்பழம்தான். முருகன் பேதம் பார்ப்பதில்லை. கார்க்காரருக்குத்தான் அதன்பிறகு தூக்கம் போய்விடுகிறது: டிபரன்ஷியலுக்கு எந்த ஆயில்?

75டபிள்யூ-90, அதுவும் முழு சிந்தெடிக் என்று ஒற்றைக்காலில் நிற்பார். அந்த 75டபிள்யூ, மைனஸ் 40 டிகிரியிலும் ஆயில் இறுகிப்போகாது என்பதற்கான சான்று. மார்கழியில் 20 டிகிரிக்கே மஃப்ளர் சுற்றும் ஊருக்கு இது அவசியம்தான்.

மெக்கானிக்குக்கு எல்லாமே ‘கிரவுன் ஆயில்’.

“அண்ணே, லிமிடெட் ஸ்லிப்புக்கு மாடிஃபயர் கலந்தது வேணும்ணே.”

கேட்பதில் நியாயம் உண்டு. கிளட்ச் தகடு வைத்த டிபரன்ஷியலில் அந்தச் சேர்மானம் இல்லாவிட்டால் திருப்பத்தில் கடகடவென்று அதிரும். ஆயிலின் தரமும் மாறக்கூடாது: ஜிஎல்-4 தரம் கேட்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால் அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை சிங்க்ரோ வளையத்தை அரிக்கக்கூடும். அந்தக் கந்தக நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார், சட்டையும் மறக்காது.

மெக்கானிக் வண்டிக்கடியில் குனிந்துவிட்டு எழுந்தார். “தம்பி, இது முன்சக்கரம் இழுக்கிற வண்டி. டிபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளயே இருக்கு. தனி ஆயிலே கெடையாது.”

பின்சக்கர வண்டிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். மெட்ரோ தூண் முளைத்த ஆற்காடு சாலையில் மூன்றாவது கியருக்கே மனுப் போட வேண்டும். ஆயிலைச் சூடேற்றிப் பார்க்க இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்துக்குத்தான் போகணும். வழியில் போரூர் வேறு இருக்கிறது.