உரிமப் பிரிவினருக்கு ஒரு பாராட்டு மடல்

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் கணினித் தயாரிப்பாளர்களுக்கான உரிமங்களைக் கவனிக்கும் பிரிவினருக்கு,

மென்பொருள் எழுதியவர்களுக்குப் புகழும் பங்கும் கிடைத்துவிட்டன. ஒப்பந்தம் எழுதிய உங்களைத்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்தக் குறை தீரவே இந்த மடல். 1990களின் தொடக்கத்தில் நீங்கள் கையெழுத்து வாங்கிய ‘பிராசசருக்கு இவ்வளவு’ ஒப்பந்தம் இருக்கிறதே, அதைப் படைப்பு என்றே சொல்ல வேண்டும். அடுத்தவர் சரக்கை விற்கக் கூடாது என்று அது யாரையும் தடுக்கவில்லை. குறிப்பிட்ட வகைப் பிராசசரோடு ஆலையை விட்டுப் போகும் ஒவ்வொரு கணினிக்கும் உங்களுக்குப் பணம் வர வேண்டும், உள்ளே உங்கள் இயங்குதளமான எம்எஸ்-டாஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவ்வளவுதான். மண்டபத்தில் விழுகிற இலைக்கெல்லாம் எனக்குக் காசு, பரிமாறுவது யாராக இருந்தால் என்ன என்று கல்யாணச் சமையல்காரர் எழுதி வாங்கிக்கொண்டால், அடுத்த சமையல்காரரின் பாயசத்தை யார் ருசி பார்ப்பார்கள்? அதற்குப் போட்டியான டிஜிட்டல் ரிசர்ச்சின் டிஆர்-டாஸை ஏற்றி விற்க நினைத்த தயாரிப்பாளர் இரண்டு பேருக்கும் அழ வேண்டியிருந்தது. 1993 நிதியாண்டில் தயாரிப்பாளர்களுக்குப் போன எம்எஸ்-டாஸில் சுமார் 60 சதவீதம் இந்த வழியில்தான் போனது என்று 1994இல் அமெரிக்க நீதித் துறை தன் வழக்கு மனுவில் மதிப்பிட்டது.

மொத்தமாக வாங்குபவருக்குத் தள்ளுபடி தருவது குற்றமா என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் மொத்த வியாபாரத்தில் எடுத்த சரக்குக்குத்தான் கணக்கு. எடுக்காத சரக்குக்கும் கணக்கு எழுதும் துணிச்சல் மளிகைக் கடைக்காரருக்கு வராது. விருப்பப்பட்டுத்தானே கையெழுத்திட்டார்கள் என்பீர்கள். வாங்குபவரில் பெரும்பாலோர் உங்கள் மென்பொருளைத்தான் கேட்கிறார்கள் என்னும்போது, தயாரிப்பாளருடைய விருப்பம் எவ்வளவு தூரம் போகும்?

அந்த ஒப்பந்தத்தைத்தான் நீதித் துறையோடு செய்த 1994 சமரசத்திலேயே கைவிட்டோமே என்பதும் உண்மை. ஒரு கருவி போனதால் கைத்திறன் போய்விடுமா? 1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வெளியீட்டு விழா தொடங்கப் பதினைந்து நிமிடம் இருக்கும்போதுதான் ஐபிஎம்முக்கு உரிமம் கிடைத்தது. உங்கள் மீது அமெரிக்க அரசு பின்னர் தொடுத்த ஏகபோக வழக்கில் நீதிபதி ஜாக்சன் 1999இல் அளித்த உண்மை நிர்ணயத்தில் இது பதிவாகியிருக்கிறது. உங்களோடு போட்டியிட்ட ஓஎஸ்/2 இயங்குதளத்தை வைத்திருந்தது அதே ஐபிஎம்தான் என்பது தற்செயலாக இருக்கலாம். ஜப்பானில் ஹிட்டாச்சி விற்ற ஒரு கணினி இன்னும் நயமானது. வன்தட்டில் விண்டோஸும் இருந்தது, பீ நிறுவனத்தின் இயங்குதளமான பீஓஎஸ்ஸும் இருந்தது. மின்சாரம் கொடுத்தால் விண்டோஸ் மட்டும் எழுந்து வரும். இன்னொன்றைத் தேர்ந்தெடுக்கும் திரை மறைக்கப்பட்டிருந்தது. உங்கள் உரிம நிபந்தனைகளே தயாரிப்பாளர்களின் கையைக் கட்டின என்று பீ நிறுவனம் வழக்குத் தொடுத்தது. தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல் 2003இல் 2.325 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டீர்கள். குற்றமில்லாதவர் இவ்வளவு தாராளமாக இருப்பது அபூர்வம்.

பெட்டியைத் திறந்ததும் ஓடுகிற கணினிதான் மக்களுக்கு வேண்டும் என்ற வாதத்தை நானும் ஏற்கிறேன். மென்பொருளோடு சேர்த்துக் கணினி விற்பது அதனாலேயே முறையற்றது ஆகிவிடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் 2016இல் சொல்லியிருக்கிறது. பிரச்சினை, விண்டோஸின் பயன்பாட்டு நிபந்தனைகளை ஏற்காதவர் தயாரிப்பாளரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று உங்கள் ஒப்பந்தமே தரும் வாக்குறுதியில் இருக்கிறது. 1999 பிப்ரவரி 15 அன்று கலிஃபோர்னியாவில் உங்கள் அலுவலகத்துக்கே பலர் திரண்டு வந்து கேட்டார்கள். தயாரிப்பாளரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டீர்கள். தயாரிப்பாளரைப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதை இத்தாலியில் பார்த்தோம். வாங்கியவர் ஒருவர் விண்டோஸுக்காகத் திரும்பக் கேட்ட 42 யூரோவைத் தர மறுத்து லெனோவோ மேல்முறையீடு வரை போனது. 2020 டிசம்பரில் மோன்சா நீதிமன்றம் கூடுதலாக 20,000 யூரோ கொடுக்கச் சொன்னது.

ஆகவே ஒரு சின்ன விண்ணப்பம். கணினி வாங்கும்போது தரும் ரசீதில் ‘விண்டோஸ்: இவ்வளவு’ என்று தனியாக ஒரு வரி அச்சிடுமாறு தயாரிப்பாளர்களிடம் சொல்லுங்கள். அந்தத் தொகை வியாபார ரகசியம் என்பீர்களானால், ரகசியத்தைக் காப்பாற்றுவதற்கான கட்டணத்தையாவது அதில் எழுதச் சொல்லுங்கள்.