ஏலாக்குறிச்சிக்குச் சம்பந்தி ஊர்

கேள்வி: இத்தாலியில் கஸ்தில்யோனே என்று ஒரு சின்ன ஊராம். அதற்கும் எங்கள் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சிக்கும் உறவு உண்டு என்கிறார் நண்பர். ரீல்தானே?
– வாசகர், ஜெயங்கொண்டம்

பதில்: ரீல் இல்லை, நிஜம். மாந்துவா மாகாணத்தில் இருக்கும் கஸ்தில்யோனேயில் 1680இல் பிறந்தவர்தான் நம் வீரமாமுனிவர். புனித அலாய்சியஸ் கொன்சாகா பிறந்ததும் அங்கேதான்; அவர் மண்டையோடு இன்றும் அங்குள்ள பேராலயத்தில் இருக்கிறது. 1859இல் பக்கத்திலுள்ள சோல்பெரினோவில் பெரிய போர். காயம்பட்டவர்கள் கஸ்தில்யோனே தேவாலயங்களில் வந்து குவிந்தார்கள். எந்த நாட்டுக்காரன் என்று பாராமல் ஊர்ப் பெண்கள் கட்டுப் போட்டார்கள். வியாபார விஷயமாக வந்த ஸ்விஸ்காரர் ஹென்றி டுனான்ட் வியாபாரத்தை மறந்தார். அதிலிருந்துதான் செஞ்சிலுவைச் சங்கம் பிறந்தது. அதற்கு அங்கே அருங்காட்சியகமே உண்டு.

நம் ஆள் வீரமாமுனிவரோ கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, ஊரைத் 'திருக்காவலூர்' ஆக்கிக் கலம்பகமும் பாடினார். தேம்பாவணி, சதுரகராதி எல்லாம் எழுதியவர், பரமார்த்த குருவையும் படைத்துச் சிரிக்க வைத்தார். 'ஏலாக்குறிச்சி' என்று எழுதினீர்களே, அந்த 'ஏ'க்குக் கீழே கோடு இழுத்து 'எ'யிலிருந்து பிரித்ததும் அவரே என்பார்கள். ஆக, அவர் உதவியில்லாமல் நீங்கள் அவரைச் சந்தேகப்படக்கூட முடியாது!

இத்தாலிக்கு விசா வேண்டும். ஏலாக்குறிச்சிக்குப் பஸ் டிக்கெட் போதும். முதலில் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.