பின்னச்சுக்கு ஒரு பூட்டு

கனடாவில் பனிக்காலம் நெருங்கினால் பிக்கப் வண்டிக்காரர்களிடையே ஒரு தத்துவ விசாரம் கிளம்பும்: பின்னச்சுக்கு லாக்கரா, லிமிடெட் ஸ்லிப்பா? சைவ வைணவச் சண்டை தோற்றது.

பின்னச்சிலிருக்கும் சாதாரண டிஃபரென்ஷியல் இரு சக்கரங்களுக்கும் சமமாக முறுக்கு விசை தரும் உத்தமன். ஒன்று பனிக்கட்டியில் வழுக்கினால் மற்றதற்கும் அதே சொற்பம்தான். நீதி நிலைக்கும், வண்டியும் நிலைத்தே நிற்கும். லாக்கர் இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்ற வைக்கும். புதைந்த வண்டியை மீட்க அருமையான சாதனம். ஆனால் வழவழப்பான பனிச்சாலையில் இரண்டும் சேர்ந்தே வழுக்கும். சாலை எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் வண்டியின் பின்பாகம் மரியாதையாக இறங்கிவிடும். முன்பு ஒரு சக்கரமாவது பக்கவாட்டுப் பிடிப்போடு இருந்தது. காசு கொடுத்து அதையும் ஒழித்தாயிற்று. வேண்டும்போது மட்டும் பொத்தானை அழுத்திப் பூட்டும் வகை பரவாயில்லை, அழுத்துகிற ஆளும் பரவாயில்லை என்றால்.

கிளட்ச் தகடு வைத்த லிமிடெட் ஸ்லிப் சற்று நாசூக்கானது; முழுதாகப் பூட்டாமல் வழுக்கலை மட்டும் கட்டுப்படுத்தும். தகடு தேயும்; எண்ணெயோடு தனிச் சேர்மானமும் கேட்கும். அதிலேயே பல்சக்கரம் வைத்த டார்சென் வகை அவ்வளவு தேயாது, ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் கைவிரித்துவிடும்.

இத்தனை வாதத்திலும் பிரேக் பற்றி யாரும் பேசமாட்டார்கள். வண்டியை நிறுத்த இவற்றில் எதுவும் உதவாது; அதற்கு டயர்தான் வேண்டும். கியூபெக் மாகாணச் சட்டம் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம் என்கிறது; டிஃபரென்ஷியல் பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் டயரை வைத்து என்ன பெருமை பேசுவது? கறுப்பாக, வட்டமாக இருக்கிறது என்றா?